முன் சக்கரத்தில் பதினைந்து பவுண்டு

யிப்சிலாண்டி, மிச்சிகன்
1964 பிப்ரவரி 3

அன்புள்ள ஆர்டித்துக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு உங்கள் பெண்களுக்கென்று நான் அனுப்பிய பொட்டலம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்து சேர்ந்தது. அதற்காக வருத்தப்படவில்லை என்று முதலில் எழுதினேன். பொய்யாகப் பட்டது, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு அல்பீனாவில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. போன வாரம் உங்கள் வக்கீலிடமிருந்து ரோலண்டுக்குக் கடிதம் வந்த பிறகுதான் நீங்கள் கார் கம்பெனி மேல் வழக்குப் போட்டிருப்பது தெரிந்தது. ரோலண்ட் சாட்சி சொல்ல வேண்டுமாம். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து ரொட்டி டப்பாவின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பேச்சு எப்போதுமே குறைவுதான். ஆனால் தன் அண்ணன் க்ளென் உயிரை விட்ட காரை ஓட்டியவன் என்பதைத் தவிர, இந்தப் பதினான்கு மாதங்களில் அவருக்கு வேறு அடையாளமே இல்லாமல் போய்விட்டது. அதன் பிறகு அவர் எந்தக் காரின் ஸ்டீயரிங்கையும் தொடவில்லை. பக்கத்துத் தெரு ஆள் ஒருவரின் வண்டியில் ஆலைக்குப் போய்வருகிறார். அங்கே இன்னமும் அதே காருக்குத்தான் கதவு மாட்டுகிறார். வேறு பகுதிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். "யாராவது மாட்டித்தானே ஆகணும்" என்றார்.

ஊரில் உங்கள் வழக்கைப் பற்றிப் பேச்சு இருக்கிறது. எதிர்வீட்டு தெல்மா என்னைப் பிடித்து நிறுத்தி, "உங்க ஓரகத்திக்கு என்ன வந்துச்சு? அந்தக் காரச் செஞ்சுதானே இந்த ஊரே சாப்பிடுது?" என்று கேட்டாள். குழந்தைக்குப் பசி என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

வக்கீலின் கடிதத்தோடு ஒரு கேள்விப் பட்டியலும் இருந்தது. எவ்வளவு வேகம், எவ்வளவு பீர், பனி இருந்ததா என்பதெல்லாம். ஒன்பதாவது கேள்வி: விபத்துக்கு முன் சக்கரங்களுக்குக் கடைசியாகக் காற்று பிடித்தது யார், எப்போது? இதை ஏன் கேட்கிறார்கள்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டாலும் எழுதுங்கள்.

பாலெட் நடக்கிறாள். மேசையின் விளிம்பு அவள் நெற்றிக்குச் சரியாக நிற்கிறது. நான்கு மூலையிலும் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மார்லிஸ்

*

அல்பீனா
பிப்ரவரி 11

மார்லிஸ்,

பொட்டலம் அனுப்பாதே. என் பெண்களுக்கு உடுப்பு இருக்கிறது. இங்கே சிமெண்ட் ஆலையின் கேன்டீனில் வேலை பார்க்கிறேன், கைகாலோடுதான் இருக்கிறேன்.

உன் கணவன் மேல்தான் முதலில் வழக்குப் போடச் சொன்னேன். கூடச் சவாரி போனவன் ஓட்டியவன் மேல் வழக்குப் போட இந்த மாநிலத்தில் சட்டம் எளிதில் இடம் தராது என்று வக்கீல் சொன்னார். பிறகு அவரே அந்தக் காரைப் பற்றிச் சொன்னார். இதே கார் இன்னும் எத்தனையோ இடங்களில் இதே மாதிரி வளைவில் சுற்றிக் கவிழ்ந்திருக்கிறதாம், பல ஊர்களில் வழக்கு நடக்கிறதாம். எஞ்சினைப் பின்னால் வைத்து, பெட்டி வைக்கும் இடத்தை முன்னால் வைத்து ஒரு கார். சின்னதாக, அழகாக, சிக்கனமாக. க்ளென் அதை "திருப்பிப் போட்ட சட்டை" என்று சொல்லிச் சிரிப்பான். உன் ரோலண்டுக்கு அதன் மேல் இருந்த பெருமை எனக்கு நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முன்னால் கழுவித் துடைத்து நிறுத்துவான்.

ஊர் சாப்பாட்டைப் பற்றித் தெல்மா கவலைப்பட வேண்டாம். என் வீட்டில் ஒரு தட்டு குறைந்திருக்கிறது, அவள் வீட்டில் குறையவில்லை.

சக்கரத்தைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று என்னைக் கேட்கிறாய். உன் கணவனைக் கேள். விபத்து நடந்த இரண்டாம் நாள், நான் சவப்பெட்டிக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, டாவஸ் ஊரில் கார் இழுத்து வைத்திருந்த கொட்டடியில் அவனுக்கு என்ன வேலை என்று கேள்.

ஆர்டித்

*

யிப்சிலாண்டி
பிப்ரவரி 20

அன்புள்ள ஆர்டித்துக்கு,

கேட்டேன். சாப்பிடும்போது கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று, வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

"க்ளென்னோட தொப்பி வண்டில கெடந்துச்சு. எடுக்கப் போனேன்."

க்ளென்னின் சிவப்பு வேட்டைத் தொப்பி ஆஸ்பத்திரியிலிருந்து மற்ற உடைகளோடு ஒரு பையில் வந்தது. அந்தப் பையை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் மறுபடி பனியை அள்ளத் தொடங்கினார். ஏற்கெனவே அள்ளிய இடத்தையே.

நீங்கள் என்ன கேள்விப்பட்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். கல்லூரியில் படித்தவள் என்று என்னை எப்போதும் கேலி செய்வீர்களே, அந்தப் படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக எனக்குத் தெரியாது. அந்த ஒன்பதாவது கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

மார்லிஸ்

*

அல்பீனா
மார்ச் 1

மார்லிஸ்,

சொல்கிறேன். சொன்ன பிறகு தெரியாது என்று உன்னால் சொல்ல முடியாது. அதையும் யோசித்துக்கொள்.

கொட்டடிக்காரன் ஹோபர்ட் என் அண்ணனோடு பட்டாளத்தில் இருந்தவன். போன வசந்தத்தில் அவன்தான் வந்து சொன்னான். "உங்க கொழுந்தன் கைல கட்டோட பஸ் ஏறி வந்தான். துப்பாக்கிய எடுக்கணும்னான், சரின்னேன். திரும்பிப் பாத்தா பனில முட்டி போட்டு உக்காந்துகிட்டு, முன் சக்கரத்துல காத்தத் தொறந்து விட்டுட்டு இருக்கான். அளக்குறான், விடுறான், அளக்குறான், விடுறான். ரெண்டு சக்கரத்துக்கும். என்னடா பண்றேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டுப் போயிட்டான்."

அதற்கு நான்கு நாள் கழித்துத்தான் ஷெரிப் ஆபீசிலிருந்து வந்து அளந்து எழுதியிருக்கிறார்கள். முன்னால் பதினைந்து பவுண்டு, பின்னால் இருபத்தாறு. கம்பெனி கொடுக்கும் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே. என் வக்கீலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "காத்து கன கச்சிதம், ரோடு காஞ்ச ரோடு, அவன் ஒத்துகிட்ட வேகமும் பெரிசா இல்ல. அப்ப தப்பு கார்லதான்" என்கிறார். வழக்கு அந்த அளவின் மேல்தான் நிற்கிறது.

எனக்குத் தெரியும், அந்த அளவு பொய். உன் கணவன் முன் சக்கரத்தில் காற்றை ஏற்றி வைத்திருக்கிறான். அந்தக் காருக்கு அது ஆகாது என்று அந்த ஆலையிலேயே வேலை செய்பவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் சோம்பலிலோ மறதியிலோ செய்துவிட்டு, அண்ணனைப் புதைப்பதற்கு முன்னால் போய்த் தடயத்தை அழித்திருக்கிறான். பீர் குடித்தேன், வேகமாகப் போனேன் என்று ஷெரிப்பிடம் ஒப்புக்கொண்டானே, அதைக்கூட மன்னித்திருப்பேன். இதை முடியவில்லை.

ஹோபர்ட்டை வாயை மூடச் சொன்னேன். வக்கீலிடமும் சொல்லவில்லை. சொன்னால் வழக்கு போய்விடும், க்ளென் சாவுக்கு யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடும். ஆகவே, என் கணவனைக் கொன்றவனுக்காக நான் பொய்யைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்படி இருக்கிறது கதை?

ஆர்டித்

*

யிப்சிலாண்டி
மார்ச் 5

அன்புள்ள ஆர்டித்துக்கு,

காற்றை ஏற்றியவள் நான்.

இதை முதல் வரியில் எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன் என்று தெரியும். இனி மற்றதைச் சொல்கிறேன்.

அன்று நவம்பர் பதினான்கு. மறுநாள் மான் வேட்டை தொடக்கம். ரோலண்ட் காலை ஷிப்டுக்கு வேறொருவர் வண்டியில் போயிருந்தார், கார் என்னிடம் இருந்தது. மதியம் அவர் வந்ததும் இரண்டு பேரும் வடக்கே கிளம்புவார்கள். பாலெட் பிறந்து ஆறு வாரம். நான் எதைக் கண்டாலும் பயந்துகொண்டிருந்த காலம். அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கக் கண்ணாடியை மூக்கருகே பிடிப்பேன். வாசலில் நின்ற காரைப் பார்த்தேன். முன் சக்கரங்கள் தரையில் அமுங்கி, சப்பென்று இருந்தன. அந்தச் சக்கரத்தோடு பனி ரோட்டில் இரண்டு பேர் இருநூறு மைல் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். குழந்தையைக் கூடையில் வைத்துப் பின் சீட்டில் இருத்தி, நானே பெட்ரோல் பங்குக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த ஆள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கேட்காமலே குனிந்து சக்கரத்தை அளந்தார்.

"என்னம்மா இது, முன்னால ரெண்டும் செத்துப்போய்க் கெடக்கு? பதினஞ்சுதான் இருக்கு. கைக்குழந்தைய வச்சுகிட்டு இப்படியா ஓட்டுறது?"

"ஐயோ. எவ்வளவு இருக்கணும்?"

"பின்னால இருபத்தாறு இருக்கு. முன்னாலயும் அதே வச்சுடறேன். நாலும் சமமா இருந்தாத்தான் வண்டி சொன்ன பேச்சு கேக்கும்."

"இன்னும் ரெண்டு கூட வைங்க. இன்னிக்கு வடக்க போறாங்க, வேட்டைக்கு."

"சரியாச் சொன்னீங்க. உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்."

அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? என் பயத்தால் ஒரு நல்ல காரியம் நடந்தது என்று பெருமைகூடப் பட்டேன். ரோலண்ட் வந்ததும் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். அவர் வந்தபோது பாலெட் என் தோளெல்லாம் கக்கியிருந்தாள், க்ளென் வெளியே நின்று ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார், நான் சான்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன், போய்விட்டார்கள். சொல்லியிருந்தால் ரோலண்ட் அங்கேயே குனிந்து காற்றைத் திறந்து விட்டிருப்பார். ஒரே ஒரு வாக்கியம், ஆர்டித்.

அந்தக் காருக்கு முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் காற்று இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து, காரிலிருந்து வந்த சாமான்களுக்கு நடுவே கம்பெனியின் கையேட்டைப் பார்த்தேன். காற்றளவு போட்டிருந்த பக்கத்தில் ரோலண்ட் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். பால் புட்டியை எத்தனை நிமிடம் கொதிக்க வைப்பது என்று மூன்று புத்தகம் பார்த்தவள் நான். இந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாலெட்டை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். யார் எடுப்பார்கள், எந்தச் சட்டத்தில் என்றெல்லாம் தெரியாது, ஆனால் பயம். ரோலண்ட் தன் பீரையும் தன் வேகத்தையும் குற்றம் சொல்லிக்கொண்டு என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார், நான் அவருக்கு சூப் ஊற்றினேன்.

இப்போது உங்கள் கடிதம் சொல்கிறது, அவருக்குத் தெரியும் என்று. அந்தக் கொட்டடியிலேயே தெரிந்திருக்கிறது. அன்று அந்தக் காரை வேறு யாரும் தொடவில்லையே.

வக்கீலிடம் நான் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ரோலண்டை வெறுக்க வேண்டாம். என்னை வெறுங்கள், உரிய இடம் அதுதான்.

மார்லிஸ்

*

அல்பீனா
மார்ச் 9

மார்லிஸ்,

யாரிடமும் வாய் திறக்காதே. வக்கீலிடம் கூடாது, ரோலண்டிடமும் கூடாது.

மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் உனக்கு லேசாகிவிடும். எனக்கு? நடீனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. அவர்களிடம் நான் என்ன சொல்வேன்? உங்கள் அப்பா செத்தது உங்கள் சித்தி அக்கறைப்பட்டதால் என்றா?

உனக்கு எழுதிய நீளமான கடிதம் ஒன்று அடுப்பில் போயிற்று. அது வந்து சேராததற்கு நன்றி சொல்லிக்கொள்.

ஆர்டித்

*

யிப்சிலாண்டி
மார்ச் 16

அன்புள்ள ஆர்டித்துக்கு,

வக்கீலிடம் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும்வரை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே ரோலண்டிடம் சொல்லிவிட்டேன்.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பாலெட் நடுவில், கையில் கரண்டியோடு.

"முன் சக்கரத்துக்குக் காத்து அடிச்சது நான்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பதினாறாம் தேதிலேருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

காற்றை ஏன் திறந்து விட்டீர்கள் என்று கேட்டேன். அதற்கு, "ஆர்டித்துக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டில் இருந்ததைக் கடைசிவரை சாப்பிட்டார். பதினாறு மாதத்தில் அவர் தட்டைக் காலி செய்து நான் பார்த்தது அன்றுதான்.

உங்களுக்கு இது எந்த ஆறுதலும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

மார்லிஸ்

*

அல்பீனா
மே 2

மார்லிஸ்,

ஏழு வாரம் உனக்கு எழுதாமல் இருந்தேன். உன்னை நினைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். முடியவில்லை. கேன்டீனில் காப்பி ஊற்றும்போதெல்லாம் அந்த பெட்ரோல் பங்க் ஆள் கண்முன்னால் வந்து, "உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவர்" என்கிறான்.

போன சனிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். பக்கத்து வீட்டு நோவிட்ஸ்கியிடம் அதே கார் இருக்கிறது, பச்சை நிறம், அதே வருஷத்து மாடல். ஒரு மணி நேரம் இரவல் வாங்கினேன். என் அண்ணன் புத்தகத்தைப் பார்த்து முன்னால் பதினைந்து, பின்னால் இருபத்தாறு என்று சரியாக வைத்துக் கொடுத்தான். அதை ஓட்டிக்கொண்டு ஊரில் உள்ள பங்குகளுக்குப் போனேன். அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார என்னால் முடிந்தது என்பதே எனக்கு ஆச்சரியம்.

முதல் பங்கில் வண்டி நிற்பதற்குள் கேட்டுவிட்டான்: "அக்கா, முன்னால பஞ்சரா?" இரண்டாவது இடத்தில் கேட்கவே இல்லை, நான் பையைத் திறப்பதற்குள் குழாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். மூன்றாவது இடத்தில் வேண்டுமென்றே சொன்னேன், "புத்தகத்துல பதினஞ்சுதான்னு போட்டிருக்கு." அவன் சிரித்தான். "புத்தகம் எழுதுறவன் காத்து அடிச்சிருக்க மாட்டான், அம்மணி. நான் இருபது வருஷமா அடிக்கிறேன். குடுங்க இப்படி." கொடுத்திருந்தால் ஏற்றியிருப்பான்.

நாலாவது இடத்துக்குப் போகவில்லை. ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு அழுதேன். உன் மேல் இருந்த கோபம் அப்போது கொஞ்சம் இடம் மாறியது, முழுதும் இல்லை. நீ செய்ததைத்தான் அந்த மூன்று பேரும் செய்தார்கள். நானும் செய்திருப்பேன். என்னிடம் அந்தக் கார் இருந்து, முன் சக்கரம் சப்பென்று கிடந்தால், க்ளென்னைத் திட்டிவிட்டுக் காற்றடித்திருப்பேன்.

இன்னொன்று கேள். இந்த வருஷ மாடலில் முன்பக்கம் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு சேர்த்து, பின்னாலும் என்னவோ மாற்றியிருக்கிறார்களாம். அண்ணன் கார் விற்கும் கடையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வளைவில் நிலையாக நிற்பதற்காம். இப்போது போட முடிந்ததை அப்போது ஏன் போடவில்லை? குடும்பங்கள் ஓட்டும் காரை, பதினைந்து பவுண்டு காற்றுக்கும் இருபத்தெட்டு பவுண்டு காற்றுக்கும் நடுவில் உயிரை வைத்துக்கொண்டு ஏன் விற்றார்கள்? எனக்குக் கேட்க வேண்டியது அதுதான். அதைப் பொய்யான அளவின் மேல் நின்று கேட்க வாய் வராது.

ஆகவே சொல்லிவிடு. ரோலண்டும் சொல்லட்டும், ஹோபர்ட்டும் சொல்லட்டும். வக்கீலிடம் போய்ச் சொன்னேன். "அம்மா, நீங்க உங்க வழக்க நீங்களே புதைக்கிறீங்க" என்றார். "புதைக்கிறது எனக்குப் பழக்கம்தான்" என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அது வேறு விஷயம்.

ஆர்டித்

*

யிப்சிலாண்டி
1965 ஜூன் 12

அன்புள்ள ஆர்டித்துக்கு,

பே சிட்டி கோர்ட்டிலிருந்து திரும்பி வந்து இரண்டு நாள் ஆகிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை, இல்லையா? வந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுவதற்கு மன்னியுங்கள். கூண்டில் நின்றபோது நான் உங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. கம்பெனியின் வக்கீல் மரியாதையான மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்கள் பட்டதாரி, இல்லையா? புத்தகம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, இல்லையா? திறந்தீர்களா?" இல்லை, இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து நன்றி சொன்னார். உங்கள் வக்கீல் ஒரே கேள்வி கேட்டார்: அந்தப் புத்தகத்தில், காற்றின் அளவு தப்பினால் என்ன ஆகும் என்று எங்காவது எழுதியிருந்ததா? இல்லை என்றேன். அன்று நான் சொன்ன "இல்லை"களில் எனக்குக் கூசாதது அது ஒன்றுதான்.

சாட்சிகள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது என்று எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். ரோலண்ட் உள்ளே முக்கால் மணி நேரம் இருந்தார். கதவுக்கு வெளியே பெஞ்சில், பாலெட்டின் ஷூ நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தேன். வெளியே வந்தவர் நேரே போய்த் தண்ணீர் குடித்தார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று வழியெல்லாம் கேட்டேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்கிறார்.

தெல்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆலையில் ரோலண்டின் அலமாரிக் கதவில் யாரோ ஒரு காற்றளக்கும் கருவியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாராம். கூட வேலை செய்பவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நீங்கள் உள்ளே இருந்தீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்வீர்களா? கேட்க உரிமை இல்லை. கேட்கிறேன்.

மார்லிஸ்

*

அல்பீனா
ஜூன் 27

மார்லிஸ்,

தோற்றுவிட்டோம். புத்தகத்தில் எழுதியிருந்தது, எழுதியபடி செய்யவில்லை, போதாததற்குப் பீர். ஜூரி பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு. கம்பெனி ஆட்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். என் வக்கீல் மேல்முறையீடு வேண்டாம் என்கிறார், எனக்கும் வேண்டாம்.

ஜூரியில் சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒருத்தி இருந்தாளே, உனக்கு நினைவிருக்கலாம். தீர்ப்பு சொல்லி முடித்த பிறகு வராந்தாவில் என் பின்னாலேயே வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "கோச்சுக்காதீங்க," என்றாள். "முன்னால எவ்வளவு, பின்னால எவ்வளவுன்னு இன்னொரு தடவ சொல்லுங்க. எங்க வீட்லயும் அதே கார்தான், என் பையன் ஓட்டுறான்." சொன்னேன். கைப்பையில் காகிதம் தேடினாள், கிடைக்கவில்லை, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், படியிறங்கிப் போய்விட்டாள். வழக்கில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இனி உன் கேள்வி.

உன் கணவன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான், நீதிபதி இரண்டு முறை சத்தமாகப் பேசச் சொன்னார். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே ஸ்டீயரிங் வேறு மாதிரி இருந்தது என்றான். "எப்பவும் விட சட்டுனு திரும்புச்சு. வழியில ஸ்டாண்டிஷ்ல நிறுத்தினப்ப எறங்கிப் பாத்திருக்கணும். பாக்கல. ஆளுக்கு ரெண்டு பீர் குடிச்சோம். அண்ணன் ஏதோ சொல்லிச் சிரிக்க வச்சுகிட்டே இருந்தான்." வளைவில் முன்பக்கம் உள்ளே மடங்க, பின்பக்கம் வெளியே வீசியதாம். பிடிக்கப் பார்த்தானாம். அவ்வளவுதான் என்றான்.

கம்பெனியின் வக்கீல் கேட்டார், தடயத்தை ஏன் அழித்தீர்கள் என்று. கம்பெனி மேல் பழி போடத்தானே என்றும் கேட்டார். ரோலண்ட் அப்போதுதான் நிமிர்ந்தான்.

"வழக்கப் பத்தியெல்லாம் அன்னிக்கு யாரும் நெனைக்கல சார். என் பொண்டாட்டி கைல ஆறு வாரக் குழந்தை. குழந்தை மூச்சு விடுதான்னு மணிக்கொரு தடவ எழுந்து பாக்குறவ. சக்கரத்தத் தொட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு. யாரு அடிச்சிருப்பான்னு புரிஞ்சிடுச்சு. ஷெரிப் ஆளுங்க வந்து அளந்தா அவளுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா அவ குழந்தையத் தொடவே பயப்படுவா. நான் ஏற்கெனவே குத்தவாளி. அதனால அதையும் நானே எடுத்துகிட்டேன்."

அவனை இரண்டரை வருஷம் வெறுத்திருக்கிறேன். அந்த வெறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே இறக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு இதை எழுதுவதற்குப் பதினைந்து நாள் ஆனது அதனால்தான். இது உனக்குச் சேர வேண்டியது, எனக்கல்ல.

ஒன்று கேட்கிறேன். நவம்பர் பதினான்காம் தேதி அவனை இங்கே வரச் சொல். பஸ்ஸில் வரட்டும், என் அண்ணன் போய்க் கூட்டி வருவான். முதல் தடவை தனியாக வரட்டும். நீ பிறகு வா, பாலெட்டையும் கூட்டிக்கொண்டு. எப்போது என்று நான் எழுதுகிறேன்.

நடீன் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா கடைசியாக என்ன சொல்லிச் சிரித்தார் என்று. எனக்குத் தெரியாது. க்ளென்னோடு அந்தக் காரில் இருந்தவன் ரோலண்ட் ஒருவன்தான். அவன் வந்து அவளுக்குச் சொல்லட்டும். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்டித்